காய்க்கும் காலத்தில் மாரிக்கு எடுத்து வைத்தல்

வீட்டுக்குக் கூரை இல்லை. கிணறு இன்னும் இறைத்துத் துப்புரவாக்கப்படவில்லை. ஆனால் வளவில் மாமரம் காய்த்துச் சொரிகிறது. அக்கராயனுக்குத் திரும்பிவந்த பல குடும்பங்களின் நிலை அன்று இதுதான். 2008 இன் பிற்பகுதியில் நீங்கள் விட்டுப்போன வளவில் வாழையும் பப்பாசியும் அழிந்திருக்கலாம். மாவும் பனையும் தேசியும் அப்படியல்ல. தண்ணீர் ஊற்ற ஆளில்லாமலே பல இடங்களில் அவை நின்று பிடித்திருக்கின்றன.

வைகாசி முதல் ஆவணி வரை பழம் தின்னத் தின்ன மிஞ்சும். முதலில் மா, அது ஓயும்போது பனம்பழம். பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கலாம் என்றால் அங்கேயும் அதே பழம்தான் கிடக்கும். கந்தபுரம் சந்தைக்குக் கொண்டுபோனால் எல்லோரும் ஒரே நேரத்தில் கொண்டுவருவதால் விலை இல்லை. பிறகு கார்த்திகை, மார்கழி வரும். மழைக்குக் கூலி வேலை குறையும், வயல் விளைய இன்னும் நாள் இருக்கும், திரும்பிவந்த காலத்தில் உலருணவு நிவாரணமும் குறிப்பிட்ட மாதங்களுக்கே கிடைத்தது. மரத்தடியில் இப்போது அழுகும் பழத்தை அந்த மாதங்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது எப்படி என்பதே இந்தப் பாடம். இதற்கு உப்பும் வெயிலும் அடுப்புப் புகையும் போதும். உங்கள் வீட்டு அம்மம்மாவுக்கோ ஆச்சிக்கோ இதில் பாதி தெரிந்திருக்கும். வாசித்துக் காட்டுங்கள், அவர் திருத்தினால் அவர் சொல்வதையும் கேளுங்கள்.

முதலில் ஒரு எச்சரிக்கை. கண்ணிவெடி அகற்றப்பட்டு, பாதுகாப்பானது என்று உங்களிடம் கையளிக்கப்பட்ட காணியில் மட்டுமே பழம் பொறுக்குங்கள். சிவப்பு மண்டையோட்டுப் பலகை நிற்கும் இடத்துக்குள் போகவேண்டாம். பலகை இல்லை என்பதால் மட்டும் ஒரு பற்றைக் காணி பாதுகாப்பானது ஆகாது. பனம்பழம் இரவில் விழும். விடியப் பொறுக்கப் பிள்ளைகள் ஓடுவார்கள். அவர்களுக்கு எந்த எல்லை வரை போகலாம் என்று கூட்டிப்போய்க் காட்டிவிடுங்கள். சந்தேகமான பொருள் கண்டால் தொடாமல், வந்த அடியிலேயே திரும்பி வந்து விதானையாருக்கோ கண்ணிவெடி அகற்றும் பிரிவினருக்கோ அறிவியுங்கள்.

இன்னும் திரும்பி வராதவர்களின் வளவில் காய்க்கும் மரத்தைப் பற்றியும் ஒரு சொல். ஆளில்லாத வளவு என்று அவரவர் பறித்துக்கொண்டால், அந்தக் குடும்பம் வந்து சேரும் நாளில் மனக்கசப்புத்தான் மிஞ்சும். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் பேசி, யார் பறிப்பது, உரிய குடும்பத்துக்கு எதை எடுத்து வைப்பது என்று எல்லோர் முன்னிலையிலும் முடிவு செய்வது நல்லது. பனாட்டாகவோ வத்தலாகவோ போட்டுவைத்தால் அவர்கள் பங்கும் அவர்கள் வரும்வரை கெடாமல் இருக்கும்.

இனி வேலைக்கு வருவோம். பழத்தைக் கெடுப்பவை கண்ணுக்குத் தெரியாத கிருமிகளும் பூஞ்சணமும். அவை வளரத் தண்ணீர் வேண்டும். வெயில் அந்தத் தண்ணீரை வெளியேற்றுகிறது. உப்பும் சீனியும் தண்ணீரைத் தம்மோடு பிடித்துவைத்துக்கொள்கின்றன. புளிப்பு, கிருமி பெருகுவதைத் தடுக்கிறது. இதைப் புரிந்துகொண்டால், உப்பைக் குறைத்தால் ஏன் ஊறுகாய் பழுதாகிறது, அரைகுறையாகக் காய்ந்த வத்தல் ஏன் பூக்கிறது என்பதெல்லாம் தானாக விளங்கும்.

மாங்காயில் தொடங்குங்கள், அதுவே இலகு. கறுத்தக்கொழும்பானை வத்தல் போட்டு வீணாக்கவேண்டாம். அதைப் பழுக்கவைத்துச் சாப்பிடுங்கள் அல்லது விற்றுக் காசாக்குங்கள். காற்றுக்கு விழும் கிளிச்சொண்டனும் புளிப்பான நாட்டு மாங்காயும் வத்தலுக்குப் போதும். முற்றிய காயைக் கழுவித் துடைத்து, விரல் பருமனில் நீளத் துண்டுகளாக வெட்டுங்கள். ஒரு கிலோ துண்டுக்கு 100 கிராம் உப்பு, அதாவது நன்றாக நிறைந்த ஒரு கைப்பிடி, கொஞ்சம் மஞ்சள்தூள். மண்சட்டியில் போட்டுப் பிரட்டி ஒரு இரவு மூடிவையுங்கள். காலையில் தண்ணீர் விட்டிருக்கும். துண்டுகளை வடித்துப் பாயில் பரப்பி, நாலைந்து நாள் நல்ல வெயிலில் காயவிடுங்கள். மாலையில் பனிக்கு முன் உள்ளே எடுத்துவிடவேண்டும்.

காய்ந்துவிட்டதா என்று அறிய ஒரு வழி உண்டு. கொஞ்சத்தைக் கண்ணாடிப் போத்தலில் போட்டு இறுக மூடி ஒரு இரவு வையுங்கள். காலையில் போத்தலின் உட்புறம் வியர்த்திருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. திரும்ப வெயிலுக்குப் போகட்டும். மாரியில் பருப்புக்கோ சொதிக்கோ மீன்குழம்புக்கோ புளி இல்லாதபோது நாலு துண்டைக் கழுவிப் போட்டால் சரி. வத்தலில் ஏற்கெனவே உப்பு இருப்பதால் கறிக்குப் பார்த்து உப்புப் போடுங்கள்.

தேசிக்காய்க்கு உப்பு அதிகம் வேண்டும்: ஒரு கிலோவுக்குக் கால் கிலோ. மஞ்சளாகப் பழுத்ததை எடுத்து, அடி விட்டுப்போகாமல் நாலாகக் கீறி, உள்ளே உப்பை அடைத்துச் சாடியில் அடுக்குங்கள். மூன்று நாள் அப்படியே இருக்கட்டும். பிறகு பகலில் வெயிலில் காயவிட்டு, இரவில் அதே உப்புத் தண்ணீரில் திரும்பப் போடுங்கள். தண்ணீர் முழுவதும் வற்றும்வரை இப்படியே செய்தால், வருடம் கடந்தும் கெடாது. பழஞ்சோற்றுக்கு இதைவிட என்ன வேண்டும்? இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மட்டும் தொட்டுக்கொள்வதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பலா நிற்கும் வளவுக்காரர் கொட்டையை எறியவேண்டாம். கழுவாமல் நிழலில் உலர்த்தி, காய்ந்த மணலுக்குள் புதைத்து வைத்தால் சில மாதங்களுக்குக் கறிக்கு உதவும். பப்பாசிப்பழத்திலும் மாம்பழத்திலும் ஜாம் காய்ச்சலாம். ஆனால் பழத்தின் எடைக்கு ஏறக்குறையச் சமமாகச் சீனி கொட்டவேண்டும். வீட்டுப் பாவனைக்கு அது கட்டுபடியாகாது என்பதால் இங்கே விரிவாகச் சொல்லவில்லை.

அடுத்தது பனம்பழம். சீனி தட்டுப்பாடான காலங்களில் வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் பிள்ளைகளுக்கு இனிப்பாக இருந்தது பனங்கட்டியும் பனாட்டும்தான். எத்தனையோ பனைகள் தறிபட்டுப் போன பிறகும் வேலியோரத்தில் நிற்பவை காய்க்கின்றன. இனிப்பான களியுள்ள மரமும் உண்டு, கசக்கும் மரமும் உண்டு. சுட்டுச் சுவைத்துப் பார்த்து இனிப்பு மரத்துப் பழத்தை மட்டும் பனாட்டுக்கு எடுங்கள். அன்று விழுந்த பழமாக இருக்கவேண்டும். வெடித்து வண்டு புகுந்தது வேண்டாம்.

பழத்தைக் கழுவி, கறுத்த மேல்தோலை உரித்து, கொட்டைகளைப் பிரித்து, கொதித்தாறிய தண்ணீர் கொஞ்சம் தெளித்துப் பிசையுங்கள். கிணற்றுத் தண்ணீரை அப்படியே சேர்க்கவேண்டாம். களி தும்பிலிருந்து விடுபட்டு வரும். அதை மெல்லிய துணியில் வடித்து, நிலத்திலிருந்து இடுப்பளவு உயர்த்திக் கட்டிய பந்தலில் விரித்த ஓலைப்பாயில் மெல்லியதாக ஊற்றித் தடவுங்கள். மறுநாள் அது காய்ந்தபின் அதன்மேல் அடுத்த களி. இப்படிப் பல நாள், தோல் செருப்பின் பருமன் வரும்வரை. ஒரே நாளில் தடிப்பாக ஊற்றினால் மேற்புறம் காய்ந்து உட்புறம் புளித்துவிடும். பெரும்பாலும் பனாட்டுப் பழுதாவது இந்த அவசரத்தால்தான். நன்றாகக் காய்ந்ததும் பாயிலிருந்து உரித்து, வெட்டி மடித்து, ஓலைப்பெட்டியில் போட்டு அடுப்புக்கு மேலே கட்டித் தூக்குங்கள். புகை படப்படப் பூச்சி அண்டாது.

பனாட்டுக்குப் பொறுமை இல்லாதவர்கள் பணியாரம் சுடலாம். களியைப் பச்சை மணம் போகக் காய்ச்சி, சீனியும் கோதுமை மாவும் சேர்த்துக் குழைத்து எண்ணெயில் உருட்டிப் போட்டால் சில நாளுக்கு இருக்கும். இருக்கும் என்று சொல்கிறோம். பிள்ளைகள் உள்ள வீட்டில் மறுநாள் காண்பது அரிது.

திரும்பி வந்த வீட்டில் பாத்திரம் பண்டம் குறைவு. அதனால் கையில் கிடைத்ததைப் பாவிக்கும்போது சிலவற்றில் கவனம் தேவை. கூரைக்குத் தந்த தகரம் வெயிலுக்கு நன்றாகச் சுடும். அதன்மேல் பாய் விரித்துக் காயவிடலாம், ஆனால் புளிப்பான துண்டுகளை நேரே தகரத்தில் பரப்பினால் அதிலுள்ள நாகம் உணவில் கலக்கும். அலுமினியச் சட்டியில் உப்பும் புளியும் ஊறவைக்கவேண்டாம். மண்சட்டியோ சாடியோ கண்ணாடிப் போத்தலோ சரி. ஈக்கு மறைப்பாக நுளம்பு வலையைப் போடும் யோசனை எல்லோருக்கும் வரும். நிவாரணத்தில் வந்த வலைகளில் பூச்சிமருந்து ஊட்டப்பட்டிருக்கும், அது உணவின்மேல் படக்கூடாது. பழைய நூல் சேலைத் துண்டு போதும். பூச்சிகொல்லி, எண்ணெய், குளோரின் இருந்த கலன்களை எத்தனை தரம் கழுவினாலும் உணவுக்கு எடுக்காதீர்கள். நல்ல போத்தலைத் தண்ணீரில் அமிழ்த்தி 15 நிமிடம் கொதிக்கவைத்து, கவிழ்த்து உலர்த்திய பின் நிரப்புங்கள். பூஞ்சணம் பிடித்ததைச் சுரண்டிவிட்டுச் சாப்பிடுவது கூடாது. மேலே தெரிவது கொஞ்சம்தான், அதன் நஞ்சு உள்ளே ஊறியிருக்கும். மனம் வராவிட்டாலும் எறிந்துவிடுங்கள்.

வீட்டுக்கு மிஞ்சியது விற்பனைக்கு. முறிகண்டிப் பிள்ளையாரடியில் ஏ9 வீதியால் போகும் வாகனங்கள் நின்று கும்பிட்டுவிட்டுக் கச்சான் வாங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அதே பயணிகள் பனாட்டும் வாங்குவார்கள், ஊரைவிட்டு வெளியே இருப்பவர்களுக்கு அதன்மேல் தனி ஆசை. 1978 இல் தொடங்கப்பட்ட பனை அபிவிருத்திச் சபைக்குக் ‘கற்பகம்’ என்ற பெயரில் விற்பனை நிலையங்கள் உண்டு. தனியாகப் போவதைவிட நாலைந்து வீட்டார் சேர்ந்து, ஒரே அளவில் வெட்டி, செய்த திகதியைத் துண்டில் எழுதிக் கட்டிக் கொண்டுபோனால் பேசி விலை கேட்கலாம். விற்கத் தொடங்குமுன் உங்கள் பிரிவுப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் ஒருமுறை காட்டுங்கள்.

களி எடுத்த பனங்கொட்டைகளைக் குவித்து எரிக்கவேண்டாம். புரட்டாதி மழைக்கு முன், மண்ணை உயர்த்திப் பாத்தி கட்டி, கொட்டைகளை நெருக்கமாக அடுக்கி மேலே மண் போட்டு மூடிவிடுங்கள். தை, மாசியில் கிழங்கு கிண்டலாம். அவித்துச் சாப்பிட்டது போக மீதியைக் கிழித்துக் காயவிட்டால் ஒடியல், அவித்துக் காயவிட்டால் புழுக்கொடியல். ஒடியல் மாவைத் தண்ணீரில் ஊறவிட்டு அந்தத் தண்ணீரை வடித்த பின்பே கூழுக்கோ பிட்டுக்கோ எடுப்பது வழக்கம், அதைத் தவறவிடாதீர்கள். பாத்தியில் போடும்போது பத்துப் பதினைந்து கொட்டையை எடுத்துத் தறிபட்ட பனைகள் நின்ற வேலியோரத்திலும் புதைத்துவிடுங்கள். அவை காய்க்க 12 முதல் 20 வருடம் வரை செல்லும்.