ரஸாவின் கறுப்பு வட்டம்

கேள்வி: ஓவியர் எஸ்.எச்.ரஸா அறுபது ஆண்டுகள் பிரான்ஸில் வாழ்ந்தவர் என்கிறார்கள். ஆனால் அவர் படம் என்றாலே ஒரு பெரிய கறுப்பு வட்டம்தான் கண்ணில் நிற்கிறது. பாரிஸில் இருந்துகொண்டு ஏன் திரும்பத் திரும்ப வட்டம் வரைந்தார்? ஊர் ஏக்கமா, பக்தியா?

— வாசகி, கும்பகோணம்

பதில்: நீங்கள் சொல்லும் இரண்டும் அவரிடம் உண்டு, அம்மா. ஆனால் வட்டத்துக்குக் காரணம் வேறு.

முதலில் எல்லோரும் சொல்லும் கதையைப் பார்த்துவிடுவோம். ரஸா 1922இல், இன்றைய மத்தியப் பிரதேசத்தின் மண்ட்லா மாவட்டத்தில் பிறந்தவர். அப்பா வனத்துறை ஊழியர். பள்ளிக்கூடத்தில் இருப்புக்கொள்ளாமல் திரிந்த பையனை அடக்க, வாத்தியார் சுவரில் ஒரு புள்ளி வைத்து, அதையே பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னாராம். இது ரஸாவே பலமுறை சொன்ன கதை. அந்தப் புள்ளிதான் பின்னாளில் 'பிந்து' என்கிற கறுப்பு வட்டம் ஆயிற்று என்று பலரும் அதோடு முடித்துவிடுகிறார்கள்.

இங்கேதான் கணக்கு உதைக்கிறது. பிந்து அவர் படங்களில் நிலைகொண்டது 1970களின் பிற்பகுதியில். அப்போது அவருக்கு ஐம்பது வயது தாண்டியிருந்தது. நடுவில் நாற்பது வருடத்துக்கு மேல் அந்தப் புள்ளி எங்கே போயிற்று? ஊர் ஏக்கத்துக்கும் இதே கேள்விதான். 1950இல் கப்பலேறியவருக்கு ஏக்கம் அப்போதல்லவா பொங்கியிருக்க வேண்டும்!

உண்மைக் காரணத்தின் நுனி 1948இல், காஷ்மீரில் கிடைக்கிறது. சூஸா, ஹுசைன் முதலானவர்களோடு பம்பாயில் முற்போக்கு ஓவியர் குழுவைத் தொடங்கியிருந்த ரஸா, காஷ்மீரில் பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஆன்றி கார்ட்டியே பிரெஸோனைச் சந்தித்தார். படங்களைப் பார்த்த அவர், திறமை இருக்கிறது, கட்டுமானம் இல்லை, பிரெஞ்சு ஓவியர் செஸானைப் படியுங்கள் என்றார். கட்டுமானம் என்றால், படத்தில் எது எதைத் தாங்குகிறது என்ற ஒழுங்கு. வீட்டுக்கு உத்தரம் மாதிரி. அதைக் கற்கத்தான் பிரெஞ்சு அரசின் உதவித்தொகையில் பாரிஸ் போனார்.

கற்றும்கொண்டார். 1950களின் தொடக்கத்தில் வரைந்த பிரெஞ்சு ஊர்க்காட்சிகளில் மனித நடமாட்டமே இல்லை. கத்தரித்து ஒட்டியதுபோல் சதுரம் சதுரமாக வீடுகள். சில படங்களில் வீடுகளுக்கு மேலே ஒரு கறுப்புச் சூரியன்! பிந்துவுக்கு இருபத்தைந்து வருடம் முன்பே வட்டம் வந்துவிட்டது, கவனியுங்கள். 1956இல் பிரான்ஸின் 'விமர்சகர் பரிசு' கிடைத்தது. பிரெஞ்சுக்காரர் அல்லாத ஒருவர் அதைப் பெற்றது அதுவே முதல் தடவை.

அடுத்த கட்டத்தில் தராசு நிறத்தின் பக்கம் சாய்ந்தது. 1962இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தப் போனவர், மார்க் ராத்கோ போன்ற அமெரிக்க ஓவியர்களின் படங்களில் நிறம் மட்டுமே பேசுவதைக் கண்டார். எண்ணெய் வண்ணத்தை விட்டு அக்ரிலிக்குக்கு மாறினார். அது நீரில் கரைத்துப் பூசும், சீக்கிரம் உலரும் வண்ணம்; கை வேகத்துக்கு ஈடுகொடுக்கும். 1972இல் வரைந்த 'தபோவன'த்தில் சிறுவயதுக் காட்டின் இருட்டும் நெருப்புச் சிவப்பும் கொந்தளிக்கின்றன. 2018இல் 44 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போன படம் அது. ஆனால் அந்த ஆண்டுகளில் ரஸாவுக்குத் தன் வேலையில் நிறைவில்லை. நிறம் கட்டவிழ்ந்தபோது, பாடுபட்டுக் கற்ற கட்டுமானம் தளர்ந்துவிட்டது.

இரண்டையும் எப்படிச் சேர்ப்பது? 1970களில் அடிக்கடி இந்தியா வந்து அஜந்தா, எல்லோரா, ராஜஸ்தான் என்று சுற்றினார். ராஜஸ்தானிச் சிற்றோவியங்களில் கொதிக்கும் சிவப்பும் மஞ்சளும் ஒழுங்கான கட்டங்களுக்குள் அடங்கி நிற்கின்றன. ரஸாவும் தன் நிறங்களுக்குக் கரை கட்டினார். சதுரமும் முக்கோணமும் வந்தன. எல்லாவற்றையும் இழுத்துப் பிடிக்க ஒரு மையம் தேவைப்பட்டது. கறுப்புச் சூரியன் கைவசம் இருந்தது. பள்ளிச் சுவரின் புள்ளியும், வித்து என்ற இந்துத் தத்துவப் பொருளும் அப்போதுதான் அதில் வந்து சேர்ந்தன. பிறப்பால் முஸ்லிமான அவர் அந்தத் தத்துவத்தை மனமாரவே ஏற்றார். ஆனால் பிந்துவுக்கு இடம் தயார் செய்தது அவர் முப்பது வருடம் மல்லுக்கட்டிய ஓவியச் சிக்கல். பாரிஸ் போகாதிருந்தால் அந்தச் சிக்கலே இந்த வடிவில் அவருக்கு வந்திருக்காது.

2010இன் கடைசியில் இந்தியாவுக்கே திரும்பி, 2016இல் மறையும்வரை வரைந்தார். அடுத்த முறை அவருடைய பிந்து ஓவியம் ஒன்றின் அச்சுப்படம் கிடைத்தால், வட்டத்தைக் கட்டைவிரலால் மறைத்துப் பாருங்கள். சுற்றியுள்ள கோடுகள் ஆளுக்கொரு திசையில் போகும். விரலை எடுங்கள், கூடிவிடும். நீங்கள் கேட்ட 'ஏன்' என்பதற்கு ரஸா கண்டுபிடித்த விடை அதுதான்.