ஓடுகிற பிள்ளைக்குச் சோறும் தூக்கமும்



பாலசமுத்திரத்தில் தாய்மார் கூட்டம் ஒன்று முடிந்த பிறகு ஒரு அம்மா தனியாக வந்து நின்றார். மகள் பழனியில் கல்லூரியில் படிக்கிறாள். 800 மீட்டர் ஓடுகிறவள். "பாப்பா தலைக்கு ஊத்தி மூணு மாசத்துக்கு மேல ஆச்சுங்க. ஓடி ஓடி வயித்துக்குள்ள ஏதாச்சும் எறங்கிடுச்சுங்களா? ஓட்டம் போதும், மாப்பிள்ளை பாத்துடலாம்கிறாரு அவங்கப்பா" என்றார்.

"காலையில என்னம்மா சாப்பிடறா?" என்று கேட்டேன்.

"அஞ்சு மணிக்கு டீத்தண்ணி குடிச்சுட்டு ஓடப் போயிருவா. வந்து குளிச்சு, பஸ்ஸப் புடிக்கிற அவசரத்துல ரெண்டு இட்லி."

"ராத்திரி?"

"எல்லாருக்கும் போட்டுட்டு, நானும் அவளும் மிச்சத்தச் சாப்பிடுவோம். படுக்கப் பதினொண்ணு ஆயிருங்க."

காரணம் பெரும்பாலும் இந்தப் பதிலிலேயே இருக்கிறது. ஓடுவதால் கர்ப்பப்பை இறங்குவதும் இல்லை, பின்னால் பிள்ளைப்பேறு கெடுவதும் இல்லை. ஓட்டத்திற்குச் செலவாகும் சக்திக்கு ஈடாகச் சோறு உள்ளே போகாவிட்டால் உடம்பு சிக்கனம் பிடிக்கத் தொடங்கும். அது முதலில் நிறுத்தி வைக்கும் செலவுகளில் ஒன்று மாதவிலக்கு. அடுத்து எலும்பு பலம் குறையும். கால் எலும்பில் மயிரிழை போல் விரிசல் விழும். பையன்களுக்கும் இந்தச் சக்திக் குறைவு வருகிறது. வெளியே காட்ட அடையாளம் இல்லாததால் யாரும் கவனிப்பதில்லை. சர்வதேச ஒலிம்பிக் குழு 2014-ஆம் ஆண்டிலேயே இதை ஒரு தனிக் கோளாறாக எடுத்துச் சொல்லிவிட்டது.

உணவுக் குறைவு எத்தனை பெரிய ஓட்டக்காரியையும் விடாது. 1984-ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டம். நம் பி.டி. உஷா 55.42 விநாடியில் ஓடி முடித்தார். மூன்றாவதாக வந்த ருமேனியப் பெண்ணுக்கு 55.41. ஒரு விநாடியை நூறு பங்காக்கி அதில் ஒரு பங்கில் வெண்கலம் போயிற்று. அங்கே தங்கியிருந்த இடத்தில் தமக்கு ஒத்துவரும் சாப்பாடு கிடைக்காமல் கஞ்சியும் ஊறுகாயுமாகக் காலம் தள்ளியதாகவும், கடைசி 35 மீட்டரில் சக்தி நிற்கவில்லை என்றும் அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். கஞ்சி மோசமான உணவு அல்ல. அது மட்டும் போதாது.

எவ்வளவு வேண்டும்? 50 கிலோ எடையுள்ள, தினமும் ஓடுகிற பிள்ளைக்கு நாளொன்றுக்குச் சுமார் 70 கிராம் புரதச்சத்து தேவை. கணக்குப் பாருங்கள்: அரிசி 300 கிராமில் 20, பருப்பு 60 கிராமில் 13, நிலக்கடலை 50 கிராமில் 12, முட்டை இரண்டில் 12, பால் 400 மில்லியில் 13. எழுபது வந்துவிட்டது. முட்டை சாப்பிடாத வீட்டில் சுண்டலும் தயிரும் கூட்டிக்கொள்ளலாம். இதில் எதற்கும் டப்பா மாவு தேவையில்லை. ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்குகிற சத்துப் பவுடரில் தடை செய்யப்பட்ட மருந்து கலந்திருந்தால், தெரியாமல் சாப்பிட்டேன் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. தண்டனை உங்கள் பிள்ளைக்குத்தான் வரும். அந்தப் பணத்தில் ஒரு கறவை மாட்டுக்குத் தீவனம் வாங்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

விடிகாலையில் வெறும் வயிற்றில் அனுப்பாதீர்கள். ஒரு வாழைப்பழம் போதும். மலைவாழைதான் வேண்டும் என்பதில்லை, விலை குறைந்த எந்தப் பழமும் ஆகும். ஓடி வந்த ஒரு மணி நேரத்துக்குள் வயிறாரச் சாப்பிட வேண்டும். செலவான சக்தியைத் தசை அப்போதுதான் வேகமாகத் திரும்பச் சேர்த்துக்கொள்ளும். பஞ்சாமிர்தம் கொடுக்கலாமா என்று கேட்கிறார்கள். பழமும் வெல்லமும் சக்தி தரும், ஒரு கரண்டி தாராளமாகக் கொடுங்கள். ஆனால் அதில் புரதம் அதிகம் இல்லை, முட்டைக்கும் பாலுக்கும் அது பதில் ஆகாது. கிருத்திகை விரதத்தைப் பயிற்சி நாளில் பிள்ளை இருக்க வேண்டாம். பெற்றவர்கள் இருந்தால் போதும்.

பந்தய நாளில் ஓட்டத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடித்துவிட வேண்டும். வழக்கமாகச் சாப்பிடுவதுதான் அன்றைக்கும். புதுப் பண்டம் எதையும் அன்று பரீட்சை பார்க்கக் கூடாது.

பெண் பிள்ளைக்கு இன்னொரு தொல்லை இரத்தச்சோகை. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்குச் சோகை. இரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கிற பொருள் குறைந்தால், எத்தனை பயிற்சி செய்தாலும் இரண்டாவது சுற்றில் மூச்சு வாங்கும். முருங்கைக்கீரை, கேழ்வரகு, பயறு வகைகள், சுவரொட்டி எல்லாம் நல்லவை. கீரையிலும் தானியத்திலும் உள்ள இரும்புச்சத்து உடம்பில் ஒட்ட, கூடவே எலுமிச்சையோ நெல்லியோ ஆயக்குடிக் கொய்யாவோ வேண்டும். சாப்பாட்டோடு டீ குடித்தால் அந்தச் சத்து வீணாகிறது. டீயைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள்.

இனித் தூக்கம். சோற்றைப் பற்றிச் சொன்னால் கேட்டுக்கொள்கிற பெற்றோர், தூக்கம் என்றால் "இந்த வயசுல என்ன தூக்கம்?" என்கிறார்கள். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கூடைப்பந்து ஆடும் மாணவர்கள் 11 பேரை ஐந்திலிருந்து ஏழு வாரம் இரவில் 10 மணி நேரம் படுக்கையில் இருக்கச் சொல்லிப் பார்த்தார்கள். அந்த முடிவு 2011-இல் வெளிவந்தது. 16.2 விநாடி பிடித்த ஓட்டத்தை 15.5 விநாடியில் ஓடினார்கள். பத்துப் பந்து எறிந்தால் எட்டு விழுந்த இடத்தில் ஏறக்குறைய ஒன்பது விழுந்தது. பதினொரு பேரை வைத்துச் செய்த சிறிய சோதனைதான், அதை மிகைப்படுத்திச் சொல்லக் கூடாது. ஆனால் காரணம் புரிகிறது: ஓட்டத்தில் தேய்ந்த தசையைப் பழுதுபார்க்கிற வேலை பெரிதும் ஆழ்ந்த தூக்கத்தில் நடக்கிறது. அந்த நேரத்தில்தான் வளர்ச்சிச் சுரப்பு அதிகம் ஊறுகிறது.

பதினொரு மணிக்குப் படுத்து நாலரைக்கு எழுந்தால் ஐந்தரை மணி நேரம். எட்டு மணி நேரம் குறைந்தபட்சம்; ஒன்பது இருந்தால் நல்லது. விடிகாலைப் பயிற்சியை மாற்ற முடியாது, அதனால் படுக்கும் நேரத்தைத்தான் முன்னால் கொண்டுவர வேண்டும். இங்கே தகப்பனாருக்கு வேலை இருக்கிறது. எட்டு மணிக்குள் சாப்பாடு, எட்டரைக்கு டி.வி. நிறுத்தம். செல்போன், பிள்ளையுடையதும் உங்களுடையதும், கூடத்து அலமாரியில். பாத்திரம் கழுவுகிற வேலையை அண்ணன் தம்பி செய்யட்டும், நீங்களும் செய்யலாம். சாயந்திரம் குடித்த டீயின் வீரியத்தில் பாதி, ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும். ஆகவே மூன்று மணிக்கு மேல் டீயும் காப்பியும் வேண்டாம். விடுமுறை நாளில் மத்தியானம் அரை மணி நேரம் கண் அயர்ந்தால் சோம்பேறி என்று திட்டாதீர்கள்.

அந்த அம்மாவுக்கு நான் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். மாதவிலக்கு மூன்று மாதம் தவறினால், கால் எலும்பில் ஒரே இடத்தில் வலி நின்றால், நன்றாக ஓடியவள் திடீரென்று பின்தங்கினால், ஓட்டத்தையும் நிறுத்திவிட வேண்டாம், கல்யாணத்தையும் பேச வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டி வாருங்கள். மாதவிலக்கு நிற்க வேறு காரணங்களும் உண்டு. டாக்டரம்மா பார்த்துச் சொல்வார். இரத்தப் பரிசோதனைக்குக் கட்டணம் இல்லை. பெண்ணுக்கு 12 கிராமுக்குக் குறைந்தால் சோகை, மாத்திரையும் இலவசமாகக் கிடைக்கும். வரும்போது ஒரு வாரம் பிள்ளை என்னென்ன, எத்தனை மணிக்குச் சாப்பிட்டது, எப்போது படுத்து எப்போது எழுந்தது என்று ஒரு தாளில் எழுதி எடுத்து வாருங்கள். முடிந்தால் அம்மா, அப்பா இரண்டு பேருமே வாருங்கள்.