எக்ஸெல்லில் டெண்டர் கணக்கு: போட்டியாளர்கள் உண்மையில் எத்தனை பேர்?

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் எக்ஸெல் தொகுப்பைத் திறந்து, இரண்டு மாதம் மளிகைக் கணக்கு எழுதிவிட்டு, பின் அதனை மறந்துவிடுபவர்கள்தான் அதிகம். வீட்டில் யாராவது சிறு தொழில் நடத்துபவராக இருந்தால், அதே எக்ஸெல்லில் உருப்படியான வேலை ஒன்று செய்யலாம். அரசு அலுவலகங்களின் ஆர்டர்களுக்கு யார் யார் போட்டியிடுகின்றனர், என்ன விலை சொல்கின்றனர் என்ற தகவல்களைத் திரட்டி வைப்பதுதான் அது. இதனை முதலில் தவறாகச் செய்து, என் மைத்துனருக்கு நஷ்டம் ஏற்படுத்தியவன் நான். எனவே அந்தத் தவறையும் சேர்த்தே சொல்கிறேன்.

மைத்துனர் ஸ்டீல் பீரோ செய்யும் பட்டறை வைத்திருக்கிறார். ஐந்து பேர் வேலை செய்கின்றனர். 2023ல் ஒருநாள், "மாமா, கவர்மெண்ட் ஆபீசுக்கு பீரோ வாங்கறாங்களே, அதுல எத்தன பேர் போட்டி போடறாங்கன்னு உங்க கம்ப்யூட்டர்ல பாத்துச் சொல்லுங்களேன்" என்றார். மத்திய அரசு 2016 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'ஜெம்' என்னும் இணையதளத்தில் இந்தத் தகவல் கிடைக்கிறது. அரசுத் துறைகள் தங்களுக்கு வேண்டிய பொருட்களை இதன் வழியே வாங்குகின்றன. ஒவ்வொரு கொள்முதலுக்கும் ஜெம், ஆண்டு, பி என்ற எழுத்து, ஓர் எண் எனச் சாய்கோடுகளால் பிரித்த பிட் எண் இருக்கும். முடிந்த பிட் ஒன்றின் முடிவுப் பக்கத்தைத் திறந்தால், கலந்துகொண்ட நிறுவனங்கள், டெக்னிகல் தகுதி பெற்றவர்கள், விலை வரிசை ஆகியவற்றைப் பார்க்கலாம். மிகக் குறைந்த விலை சொன்னவர் எல்1, அடுத்தவர் எல்2.

நான் என்ன செய்தேன்? நாற்பது பிட்களைத் திறந்து, வென்றவர் பெயரை மட்டும் காப்பி செய்து எக்ஸெல்லில் பேஸ்ட் செய்தேன். முப்பத்தொரு பெயர்கள் வந்தன. "புதுப்புது ஆட்களுக்கெல்லாம் கிடைக்கிறது, தைரியமாக இறங்கு" என்று சொல்லிவிட்டேன். அவரும் ஆர்டர் வந்துவிடும் என்று நம்பி, கடனுக்குத் தகடு வாங்கிப் போட்டார். மூன்று முறை முயன்றும் ஒன்றும் கிடைக்கவில்லை. பிறகு நிதானமாகப் பார்த்தபோதுதான் தெரிந்தது, முப்பத்தொரு பெயர்களில் இருந்தவை பத்தொன்பது நிறுவனங்களே! முன்னால் 'மெஸர்ஸ்' சேர்த்து ஒருமுறை, சேர்க்காமல் ஒருமுறை, 'இண்டஸ்ட்ரீஸ்' என்பதைச் சுருக்கி ஒருமுறை என ஒரே நிறுவனம் மூன்று பெயர்களில் இருந்தது. பெயருக்குப் பின்னால் ஒரு ஸ்பேஸ் கூடுதலாக இருந்தால்கூட எக்ஸெல் அதனை வேறு பெயராகவே எடுத்துக் கொள்ளும்.

சரியான முறை இதோ. புதிய ஒர்க்ஷீட் ஒன்றைத் திறந்து, முதல் வரிசையில் பிட் எண், முடிவான தேதி, நிறுவனத்தின் பெயர், நிறுவன கோட், தகுதி பெற்றதா, மொத்த விலை, எண்ணிக்கை, விலை வரிசை, நிறுவன வகை, டெலிவரி ஊர், முடிவு எனத் தலைப்புகளை அமைத்திடவும். ஒரு பிட்டுக்கு ஒரு வரிசை அல்ல, கலந்துகொண்ட ஒவ்வொருவருக்கும் ஒரு வரிசை. ஏழு பேர் வந்திருந்தால் ஏழு வரிசைகள். பிட் எண் ஏழிலும் திரும்ப வரும். பார்க்க அழகாக இருக்கட்டும் என்று அந்த ஏழு செல்களையும் மெர்ஜ் செய்துவிட வேண்டாம். பிறகு பில்டர் சரியாக வேலை செய்யாது.

தோற்றவர்களை ஏன் எழுத வேண்டும்? போட்டி எவ்வளவு என்பதை அவர்கள்தான் காட்டுகிறார்கள். ஏழு பேரில் ஐந்து பேர் டெக்னிகல் கட்டத்திலேயே தள்ளப்பட்டிருந்தால், உண்மைப் போட்டி இரண்டு பேருக்குள்தான். இன்னொரு காரணமும் உண்டு. மத்திய அரசின் 2012 கொள்முதல் கொள்கைப்படி, எல்1 ஆக வந்தவர் மைக்ரோ, ஸ்மால் வகையைச் சேராதவராக இருந்தால், அவர் விலைக்கு மேல் 15 சதவீதத்திற்குள் விலை சொன்ன சிறு தயாரிப்பாளருக்கு, எல்1 விலைக்கே இறங்கிவந்து ஆர்டரில் ஒரு பகுதியைப் பெறும் வாய்ப்பு உண்டு. எல்1 விலை 10,000 ரூபாய் என்றால், 11,500 வரை சொன்ன பட்டறைக்காரருக்குக் கதவு திறந்திருக்கிறது. வென்றவர் பெயரை மட்டும் எழுதினால் இது கண்ணில் படவே படாது. வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு இந்தச் சலுகை கிடையாது.

நிறுவன கோட் என்பது நீங்களே கொடுக்கும் எண். நி001, நி002 என்பது போல. பெயரைத் தளத்தில் உள்ளபடியே விட்டுவிட்டு, ஒரே நிறுவனம் என்று உறுதியானால் மட்டும் ஒரே கோட் தரவும். பெயர் ஒன்றுபோல இருக்கிறது என்பதற்காகச் சேர்த்துவிடக் கூடாது. முருகன் பெயரில் எத்தனை பட்டறைகள் இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்!

நிறுவன வகையை எழுதும்போது தேதியையும் கவனிக்கவும். 2020 ஜூலை 1 முதல் இருந்த விதிப்படி, ஆண்டு விற்பனை 5 கோடி ரூபாய் வரையும் முதலீடு 1 கோடி வரையும் இருந்தால்தான் மைக்ரோ. 2025 ஏப்ரல் 1 முதல் இது விற்பனை 10 கோடி, முதலீடு இரண்டரைக் கோடி என உயர்ந்தது. எனவே நேற்று ஸ்மால் ஆக இருந்தவர் இன்று மைக்ரோ ஆகியிருந்தால், அவர் தொழில் சுருங்கிவிட்டது என்று பொருளல்ல.

தேதியை டைப் செய்கையில் மாதத்தை எண்ணாகத் தராமல், மூன்றெழுத்துப் பெயராகத் தரவும். இல்லையேல் மார்ச் 4 என்பது ஏப்ரல் 3 ஆகிவிடலாம். விலையை ரூபாய் அடையாளம் இல்லாமல் தரவும். எண் செல்லின் வலது பக்கம் ஒட்டி நின்றால் சரி. இடது பக்கம் நின்றால் எக்ஸெல் அதனை டெக்ஸ்ட் ஆக எடுத்துக்கொண்டது என்று பொருள். விலையை எண்ணிக்கையால் வகுத்து, ஒரு பீரோவின் விலையைத் தனி நெட்டு வரிசையில் கொண்டு வாருங்கள். சில பிட்களில் விலை சொன்ன பின்னர் ரிவர்ஸ் ஆக்ஷன் நடத்தி, விலையை மேலும் இறக்குவார்கள். அப்போது எண்ணில் பி எழுத்துக்குப் பதில் ஆர் இருக்கும். அந்தக் கடைசி விலைதான் நமக்குத் தேவை.

நூறு வரிசைகள் சேர்ந்ததும் இன்சர்ட் டேப்பில் பிவட் டேபிள் தேர்ந்தெடுத்து, நிறுவன கோட் என்பதை ரோஸ் கட்டத்திலும், முடிவு என்பதைக் காலம்ஸ் கட்டத்திலும், பிட் எண்ணை வேல்யூஸ் கட்டத்திலும் இழுத்து விடவும். யார் எத்தனை முறை வந்தார், எத்தனை முறை வென்றார் என்பது வந்துவிடும். என் பட்டியலில் நான்கு கோட்கள் பாதிக்கு மேல் வென்றிருந்தன. ஆனால் டெலிவரி ஊரை வைத்துப் பில்டர் செய்தபோது, எங்கள் மாவட்டத்தில் இருபது பீரோவுக்குக் குறைவாகக் கேட்ட பிட்களில் அந்த நால்வரும் அதிகம் வரவில்லை. லாரி வாடகை கட்டாது போலிருக்கிறது.

மைத்துனர் இப்போது அப்படிப்பட்டவற்றுக்கு மட்டுமே விலை போடுகிறார். சென்ற ஆண்டு பன்னிரண்டு பீரோவுக்கு ஓர் ஆர்டர் கிடைத்தது. தகடு கடன் இன்னும் கொஞ்சம் பாக்கி. என் பைலில் அவருடைய கோட் நி027.