கொழும்பில் தங்கக் காரணம் சொல்ல வேண்டுமா?

உயர்தரம் படிக்கும் பிள்ளைகள் வீட்டுப் பெரியவர்களுக்கு வாசித்துக் காட்டி, அவர்களோடு கலந்து பேசுவதற்காக இப்பாடத்தைத் தயாரித்திருக்கிறோம். காணியை விட்டு வந்த நமக்கு, 'எங்கே இருக்கலாம்?' என்ற கேள்வி புதியதல்ல. சட்டம் அதற்கு என்ன பதில் சொல்கிறது என்பதை ஒரு நிகழ்விலிருந்து பார்ப்போம்.

2006 ஆகஸ்டில் ஏ-9 வீதி மூடப்பட்டது. அக்காலத்தில் வடக்கு, கிழக்கு, மலையகத்திலிருந்து வந்த பலர் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜுகளில் தங்கியிருந்தனர். கடவுச்சீட்டு, வைத்தியம், வேலை என்று ஒவ்வொருவருக்கும் ஒரு தேவை. 2007 ஜூன் 7ஆம் திகதி விடியற்காலையில் பொலிஸார் அங்கு வந்தனர். தகுந்த காரணமின்றித் தங்கியிருப்பதாகக் கூறி, 376 தமிழர்களைப் பஸ்களில் ஏற்றி வவுனியா, திருகோணமலை முதலிய இடங்களுக்கு அனுப்பினர்.

அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரையைப் பாருங்கள். இலங்கைக்குள் நடமாடவும், வதியும் இடத்தைத் தெரிவு செய்யவும் ஒவ்வொரு பிரசைக்கும் சுதந்திரம் உண்டு. தேசிய பாதுகாப்புக்காக இதை மட்டுப்படுத்தலாம். ஆனால் அந்தக் கட்டுப்பாட்டைச் சட்டம் விதித்திருக்க வேண்டும். அதிகாரியின் வாய்ச்சொல் சட்டமாகாது. இனம், மொழி, பிறந்த இடம் பார்த்து ஓரவஞ்சனை காட்டக்கூடாது என்கிறது 12ஆம் உறுப்புரை. ஆகவே காரணம் கேட்பவரிடம் நாமும் பணிவாக ஒன்று கேட்கலாம்: "ஐயா, எந்தச் சட்டத்தின்படி?"

ஜூன் 8ஆம் திகதியே மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் தாக்கல் செய்த மனுவின் மீது, வெளியேற்றத்தை நிறுத்தும்படி உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவிட்டது. அனுப்பப்பட்டவர்களில் பலர் திரும்ப அழைத்து வரப்பட்டனர். பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க வருத்தம் தெரிவித்தார். வருத்தம் நல்லதுதான்; ஆனால் பஸ்களை நிறுத்தியது உத்தரவு.

இங்கே நாட்கணக்கு முக்கியம். அடிப்படை உரிமை மீறப்பட்டால் 126ஆம் உறுப்புரையின்படி ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றம் செல்ல வேண்டும். குளத்துத் தண்ணீர் திறக்கும் நாளைத் தவறவிட்டால் வயல் என்னாகும் என்று நமக்குச் சொல்லத் தேவையில்லை. கொழும்புக்குப் போக வசதியில்லாதவருக்கும் ஒரு வழி உண்டு. அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்படி, ஆணைக்குழுவின் விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. யாழ்ப்பாணம், வவுனியா, திருகோணமலை, மட்டக்களப்பு ஆகிய இடங்களில் அதன் பிராந்திய அலுவலகங்கள் உண்டு.

இடம்பெயர்ந்தபோது அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ் தொலைந்திருக்கலாம். அவற்றைப் பெறச் சொந்த ஊருக்கே திரும்ப வேண்டும் என்பது போன்ற நியாயமற்ற நிபந்தனை விதிக்கக்கூடாது என்று, உள்நாட்டு இடப்பெயர்வு பற்றிய ஐ.நா.வின் 1998ஆம் ஆண்டு வழிகாட்டுக் கோட்பாடுகள் கூறுகின்றன. இவை நாடுகள் கைச்சாத்திட்ட ஒப்பந்தம் அல்ல. ஆனாலும் அலுவலகத்தில் எடுத்துச் சொல்லலாம்.

மாணவர்களுக்கு ஒரு வேலை: வெளியூரில் தங்கிய அனுபவமுள்ள ஒரு பெரியவரிடம் பேசுங்கள். யார் தடுத்தார்கள், என்ன பத்திரம் கேட்டார்கள், முறைப்பாட்டுத் துண்டு கிடைத்ததா என்று கேட்டுத் திகதியோடு கொப்பியில் எழுதுங்கள். பெயரை எழுதுவதற்கு முன் அவருடைய சம்மதத்தைக் கேளுங்கள்.