‘மாசிலாமணி’ – வடதிருமுல்லைவாயில் சார்ந்த இயற்பெயரின் பொருளும் வழக்கும்

முன்னுரை

தொண்டை நாட்டுச் சைவக் குடும்பங்களிலும், பின்னர்த் தமிழ்க் கிறித்தவக் குடும்பங்களிலும் ஒரு காலத்தில் இயல்பாக இடப்பட்ட பெயர் ‘மாசிலாமணி’. இன்று முதியோர் பெயராகவும், பிள்ளைகளின் முன்னெழுத்தாகவும், குடும்பப் பெயராகவும் அது எஞ்சியிருக்கிறது. புதிதாகப் பிறக்கும் குழந்தைகளுக்கு அரிதாகவே இடப்படுகிறது. சென்னையின் மேற்கே அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையில் அமைந்த வடதிருமுல்லைவாயிலில் எழுந்தருளியுள்ள இறைவனின் பெயரும் இதுவே. பெயர்ப் பட்டியல் நூல்கள் இதற்குக் ‘குற்றமற்ற மணி’ என்று பொருள் கூறி அமைகின்றன. அப்பொருள் பிழையன்று, ஆனால் முழுமையானதும் அன்று. சொல்லமைப்பு, சமயக் கருத்து, தலவரலாறு ஆகிய மூன்றையும் இணைத்து நோக்கும்போதே இப்பெயர் உணர்த்த வந்த பொருள் புலப்படும் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. இப்பெயர் அருகியமைக்கான காரணங்களும் ஆராயப்படுகின்றன.

சொல்லமைப்பு

மாசு, இலா, மணி என்னும் மூன்று சொற்களின் சேர்க்கை இப்பெயர். ‘இலாத’ என்பது ஈறுகெட்டு ‘இலா’ என நின்ற எதிர்மறைப் பெயரெச்சமாகும். ‘மாசு’ என்பதன் ஈற்றுக் குற்றியலுகரம் கெட்டு ‘மாசிலா’ எனப் புணர்ந்தது. வருமொழி மெல்லினத்தில் தொடங்குவதால் ‘மாசிலாமணி’ என இயல்பாயிற்று. வல்லினம் வரின் ‘மாசிலாக் கன்னி’ என்பது போல் ஒற்று மிகும்.

‘மாசற்ற’, ‘மாசிலா’ என்னும் இரண்டும் வழக்கில் ஒன்றன் இடத்தில் மற்றொன்று வருவதுண்டு. எனினும் அவற்றின் அமைப்பில் ஒரு வேறுபாடு உண்டு. ‘அற்ற’ என்பது ‘அறு’ என்னும் வினையடியாகப் பிறந்த இறந்தகாலப் பெயரெச்சம். முன்பு இருந்த ஒன்று நீங்கியது என்னும் குறிப்பு அதில் தங்கியிருக்கிறது. ‘இலா’ என்பதோ காலம் காட்டாது இன்மையை மட்டும் சுட்டுகிறது. மாசு என்றும் இல்லாமையே அதன் பொருள்.

மணி என்னும் சொல் பழந்தமிழில் சிறப்பாக நீலமணியைக் குறித்தது. பொதுவாக எல்லா மணிகளையும் குறித்தது. மணிகளின் குற்றம் ஆராய்வது வணிகரின் தொழிலறிவாக இருந்தது. சிலப்பதிகார ஊர்காண் காதை, வயிரத்தின் குற்றங்களாகக் காகபாதம், களங்கம், விந்து, ஏகை என்னும் நான்கைக் கூறுகிறது. எனவே மணியொன்றை ‘மாசிலாதது’ எனல் வெறும் புகழ்ச்சி மொழியன்று. ஆராய்ந்து தெளிந்தபின் கூறப்படும் மதிப்பீடு.

சமயப் பொருள்

சைவ சித்தாந்தத்தில் ஆணவம், கன்மம், மாயை ஆகிய மூன்றும் மலங்கள் எனப்படும். மலம் என்பதற்கு நேரான தமிழ்ச்சொல் மாசு. உயிர் செம்பில் களிம்பு போல் அநாதியே ஆணவ மலத்தோடு கூடியிருப்பது. திருவருளால் அதன் பிணிப்பினின்று விடுபடுவது. இறைவனோ மலத்தோடு ஒருபோதும் கூடாதவன். திருக்குறளின் ‘எண்குணத்தான்’ என்னும் சொல்லுக்குச் சைவாகம வழியில் பரிமேலழகர் காட்டும் எட்டுக் குணங்களுள் ‘தூய உடம்பினன் ஆதல்’, ‘இயல்பாகவே பாசங்களின் நீங்குதல்’ என்பன இடம்பெறுகின்றன. முன்னர்க் காட்டிய சொல்வேறுபாட்டை இங்கே பொருத்தினால், வீடுபெற்ற உயிர் மாசற்றது, இறைவன் மாசிலாதவன். ஆகவே ‘மாசிலாமணி’ என்னும் தொடர் உயிருக்கன்றி இறைவனுக்கே முதற்கண் உரியது. திருமுல்லைவாயில் இறைவன் ‘நிர்மலமணீசுவரர்’ என வடமொழியில் வழங்கப்படுவதும் இதனை உறுதிசெய்கிறது.

இறைவனின் மிடற்றை நஞ்சுண்டமையால் ‘கறைமிடறு’ என்றும், அதே நிறம் பற்றி ‘மணிமிடறு’ என்றும் தமிழிலக்கியங்கள் குறிக்கின்றன. ஒரே அடையாளம் கறையாகவும் மணியாகவும் பேசப்படுகிறது. நஞ்சின் தடம் இறைவனிடத்து மாசாகாமல் அணியாகிறது என்னும் கருத்தே அதன் அடிப்படை. இக்கருத்து வடதிருமுல்லைவாயில் தலவரலாற்றில் கதை வடிவம் பெற்றிருக்கிறது.

தலவரலாறு: வடுவும் மாசும்

புழலில் அரண் அமைத்திருந்த குறும்பரை வெல்லச் சென்ற தொண்டைமானின் யானை, வழியில் முல்லைக்கொடியில் கால் சிக்கி நின்றது. கொடியை வாளால் வெட்டியபோது அதனடியிலிருந்து குருதி பெருகியது. அங்கே சிவலிங்கம் இருந்ததைக் கண்ட மன்னன் தன் பிழைக்கு வருந்தி உயிர்விடத் துணிந்தான். அப்போது வெளிப்பட்ட இறைவன், வெட்டுண்டும் தாம் மாசிலாமணியாகவே விளங்குவதாகக் கூறி அவனைத் தேற்றினார் என்பது தல மரபு. மன்னனுக்குத் துணையாக அனுப்பப்பட்டமையால் நந்தி கருவறையை நோக்காமல் வெளிப்புறம் நோக்கி அமைந்திருக்கிறது என்பர். குறும்பர் கோட்டையிலிருந்து கொணரப்பட்டனவாகச் சொல்லப்படும் எருக்கந்தூண்கள் இரண்டு கருவறை முன் நிற்கின்றன. வெட்டுண்ட திருமேனி ஆண்டு முழுதும் சந்தனக் காப்பில் இருக்க, சித்திரைச் சதயத்தன்று அக்காப்புக் களையப்படுகிறது.

தொண்டைமான் யானையை முல்லைக்கொடி கட்டிய செய்தி சுந்தரர் இத்தலத்தில் பாடிய ஏழாம் திருமுறைப் பதிகத்திலேயே இடம்பெறுவதால் அதன் பழைமை ஐயத்திற்கு இடமற்றது. திருவொற்றியூரில் சங்கிலியாருக்கு அளித்த உறுதிமொழியை மீறியதால் கண்ணொளி இழந்த சுந்தரர், அந்நிலையில் இத்தலத்தை அடைந்து துயர்களைய வேண்டினார் என்று இப்பகுதிக்கு அண்மையிலுள்ள குன்றத்தூரில் தோன்றிய சேக்கிழார் உரைக்கிறார். பிழைசெய்து வருந்திய மன்னன், பிழைசெய்து ஒளியிழந்த அடியார் ஆகிய இருவருக்கும் புகலிடமாக இத்தலம் அமைகிறது.

இங்கே ‘மாசின்மை’ என்பது ஊறுபடாமை அன்று. வெட்டு உண்டு, குருதி உண்டு, வடுவும் உண்டு. ஆயினும் அவ்வடு மாசாகவில்லை. பட்டியல் நூல்கள் தரும் ‘குற்றமற்ற மணி’ என்னும் உரையில் விடுபட்டுப்போவது இந்த வேறுபாடே.

பெயர் பரவிய நெறி

இப்பெயர் ஓரிடத்திற்கு மட்டும் உரியதன்று. திருவாவடுதுறையிலும் தரங்கம்பாடியிலும் இறைவன் இப்பெயரால் வழங்கப்படுகிறான். 17ஆம் நூற்றாண்டில் தருமபுரம் ஆதீனத்தின் தலைவராக விளங்கிய மாசிலாமணி தேசிகர் குமரகுருபரரின் ஞானாசிரியர். அவரைப் போற்றியே ‘பண்டார மும்மணிக்கோவை’ பாடப்பட்டது. கோயிலும் மடமும் பெயர் பரவுதற்குரிய இரு வாயில்களாயின.

கிறித்தவர் இப்பெயரை ஏற்றமை தனித்து நோக்கத்தக்கது. பாவமற்ற நிலை, குற்றமற்ற ஆட்டுக்குட்டி என்னும் விவிலியக் கருத்துகளுக்கு ‘மாசிலா’ என்னும் அடை இயல்பாகப் பொருந்தியது. கத்தோலிக்கர் வழங்கும் ‘அமலோற்பவம்’ என்னும் பெண்பெயரும் மலமின்மையையே அடிப்படையாகக் கொண்டது. சித்தாந்தச் சொல்லொன்று சமய எல்லையைக் கடந்து பெயராக நிலைத்தமைக்கு இவை சான்றாகும்.

அதே கோயிலின் இறைவி பெயர் கொடியிடைநாயகி. மேலூர்த் திருவுடையம்மன், திருவொற்றியூர் வடிவுடையம்மன் ஆகியோருடன் ஒருசேர வழிபடப்பெறும் சிறப்புடையவர். எனினும் ‘கொடியிடை’ இயற்பெயராகப் பரவவில்லை. உறுப்பு நலம் கூறும் பெயர் இறைவிக்குரிய துதியாக அமைந்ததே இதற்குக் காரணமாகலாம். பண்பு கூறும் பெயரே இல்லத்துக் குழந்தைக்கு எளிதில் பொருந்தியது.

அருகியமைக்கான காரணங்கள்

முதலாவது, பெயரன் முறையின் தளர்ச்சி. பாட்டன் பெயரைத் தாங்குபவன் என்னும் பொருளில் ‘பெயரன்’ என்னும் சொல் சங்க நூல்களிலேயே காணப்படுகிறது. பாட்டன் பெயர் இடப்பட்ட வரை, ஒரு தலைமுறை இடைவிட்டு மாசிலாமணி மீண்டும் மீண்டும் தோன்றினார். மாமனார் பெயரைச் சொல்லலாகாது என்ற வழக்கத்தால் மருமகள் குழந்தையை வேறு செல்லப்பெயரால் அழைத்தாலும், பெயர் ஏட்டில் நிலைத்திருந்தது.

இரண்டாவது, முன்னெழுத்து வழக்கு. தந்தை பெயர் முன்னெழுத்தாகும்போது ‘மா.’ என்றோ ‘எம்.’ என்றோ சுருங்குகிறது. அடுத்த தலைமுறையில் அவ்வெழுத்தும் மறைகிறது. பெயரன் முறை தளர்ந்த குடும்பத்தில் ஒரு பெயர் முற்றும் மறைய இரண்டு தலைமுறைகள் போதும். மாறாக, தந்தை பெயர் குடும்பப் பெயராக உறைந்துவிட்ட கிறித்தவக் குடும்பங்களிலும் அயலகத் தமிழரிடையேயும் அது நீடிக்கிறது.

மூன்றாவது, வடிவச் சுருக்கம். பேச்சில் இப்பெயர் ‘மணி’ என்றோ ‘மாசி’ என்றோ குறுகுகிறது. முன்னது சுப்பிரமணி முதலிய பல பெயர்களோடும், பின்னது மாசித் திங்களோடும் மயங்குகிறது. நிர்மலா, விமலா, அமலா என்னும் பெயர்கள் இதே பொருளைக் குறுகிய வடிவில் தருகின்றன. ஆகவே பெற்றோர் விலக்கியது பொருளையன்று. ஐந்தெழுத்துடைய தொடர் வடிவத்தையே.

நான்காவது, குடியமைப்பு மாற்றம். 1960களில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் ஆவடிக் கனரக ஊர்தித் தொழிற்சாலையும் வளர்ந்ததால் பல மாவட்டத்தினரும் பிற மாநிலத்தினரும் இங்குக் குடியேறினர். அவர்களின் குலதெய்வங்களும் பெயர் மரபுகளும் வேறு. தலத்துக்கும் அதனைச் சூழ வாழ்வோரின் பெயருக்கும் இருந்த தொடர்பு தளர்ந்தது.

முடிவுரை

‘மாசிலாமணி’ என்னும் பெயர் இலக்கண அமைப்பால் என்றும் மாசின்மையையும், சித்தாந்தத்தால் மலமின்மையையும், தலவரலாற்றால் வடுப்பட்டும் மாசுபடாமையையும் உணர்த்துகிறது. முதலிரு பொருள்கள் நிர்மலா, அமலோற்பவம் முதலிய பெயர்களில் தொடர்கின்றன. மூன்றாம் பொருள் அவற்றில் இல்லை. அது முல்லைக்கொடியையும் தொண்டைமான் வாளையும் அறிந்த நிலப்பகுதிக்கே உரியது. ஓர் இயற்பெயர் வழக்கொழியும்போது சொற்பொருள் வேறு வடிவில் பிழைத்துக்கொள்கிறது. அதனோடு இணைந்த இடத்தின் நினைவே இழக்கப்படுகிறது. தொண்டை நாட்டுத் தலப்பெயர்களை அடியொற்றிய இயற்பெயர்களை முதியோர் வாழுங்காலத்திலேயே ஊர்தோறும் தொகுத்துப் பதிவுசெய்வது பெயராய்வின் உடனடிப் பணியாகும்.