பெண் பாடசாலையின் செலவை ஏற்றவர் யார்?

அறிவு தேடுவது ஆணுக்கும் பெண்ணுக்கும் கடமை என்பதைச் சிறுவயது முதல் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்தக் கடமையை நிறைவேற்றப் பாடசாலை வேண்டும். பாடசாலைக்கு நிலம் வேண்டும், கூரை வேண்டும், மாதம் தவறாமல் சம்பளம் பெறும் ஆசிரியை வேண்டும். இவற்றுக்கெல்லாம் பணம் கொடுத்தவர் யார் என்று நாம் கேட்பதில்லை. இலவசப் பாடநூலும் சீருடைத் துணியும் கைக்கு வருகின்றன. வரவு இடாப்பில் நம் பெயர் இருக்கிறது. எல்லாம் என்றும் இப்படியே இருந்தது போலத் தோன்றுகிறது.

உண்மை அதுவல்ல. இலங்கையின் பெண் பாடசாலைகளிற் பல தனியார் கொடையில் தொடங்கி, அரசின் உதவி நன்கொடையில் வளர்ந்து, ஈற்றில் அரசின் கைக்கு வந்தவை. இந்தப் பயணத்தை விளங்கிக்கொள்ள ஓர் எளிய வழி உண்டு. ஒரு பாடசாலையின் செலவை மூன்றாகப் பிரித்துக்கொள்வோம். முதலாவது, நிலமும் கட்டடமும். இரண்டாவது, ஆசிரியர் சம்பளம். மூன்றாவது, பிள்ளையின் குடும்பம் செலுத்தும் கட்டணம், புத்தகம், உடை முதலியவை. ஒவ்வொரு காலத்திலும் இந்த மூன்றையும் யார் சுமந்தார் என்று பார்த்தால், எந்தப் பெண்பிள்ளை பாடசாலை வந்தாள், எவள் வீட்டில் இருந்தாள் என்பதும் விளங்கும்.

உதவி நன்கொடைக் காலம்

1869இல் ஆங்கில அரசு பொதுப் போதனைத் திணைக்களத்தை அமைத்தது. அதைத் தொடர்ந்து உதவி நன்கொடை முறை பரவியது. ஒரு சமய அமைப்போ தனியாரோ பாடசாலை நிறுவலாம். அதற்கு ஒரு முகாமையாளர் இருப்பார். நிலமும் கட்டடமும் அவர் பொறுப்பு. ஆசிரியரை நியமிப்பதும் அவரே. அரச பரிசோதகர் வந்து பிள்ளைகளை வாசிப்பு, எழுத்து, கணிதம் ஆகியவற்றிற் சோதிப்பார். தேறிய பிள்ளைகளின் தொகையைப் பார்த்து அரசு பணம் கொடுக்கும். இதனைப் பெறுபேற்றுக்கேற்ற கொடுப்பனவு என்பர்.

இம்முறையால் யாருக்கு இலாபம்? முதலில் கட்டடம் கட்டவும், நன்கொடை கிடைக்கும்வரை பொறுத்திருந்து சம்பளம் கொடுக்கவும் வசதியுள்ளவர்களுக்கே. கிறிஸ்தவ மிஷன்களிடம் அந்த வசதி இருந்தது. அமெரிக்க மிஷன் யாழ்ப்பாணத்து உடுவிலில் 1824ஆம் ஆண்டிலேயே பெண்களுக்கு விடுதிப் பாடசாலை தொடங்கியிருந்தது. முஸ்லிம்களிடம் அத்தகைய அமைப்பு இருக்கவில்லை. மிஷன் பாடசாலைக்குப் பிள்ளையை அனுப்பினால் மார்க்கம் போய்விடும் என்ற அச்சமும் இருந்தது. ஆண்பிள்ளைகளையே அனுப்பத் தயங்கிய பெற்றோர் பெண்பிள்ளைகளை எப்படி அனுப்புவர்? குர்ஆன் மத்ரசாவோடு பெண்ணின் படிப்பு நின்றது. அரசின் பணப்பெட்டி சட்டப்படி எல்லோருக்கும் திறந்திருந்தும், அதனருகே சென்று கை நீட்ட முஸ்லிம் பெண்ணுக்கு ஒரு பாடசாலை இல்லை.

கண்டியில் ஒரு முயற்சி

மாத்தளைக்கு அண்மையிலுள்ள கண்டியிற் பிறந்தவர் அறிஞர் சித்திலெப்பை (1838–1898). 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கியவர் என்றும், 1885இல் வெளிவந்த ‘அசன்பேயுடைய கதை’யின் ஆசிரியர் என்றும் இலக்கிய வகுப்பில் அவரை அறிவோம். தொழிலால் அவர் சட்டத்தரணி. தமது சம்பாத்தியத்தையும் காலத்தையும் முஸ்லிம் பாடசாலைகளுக்காகச் செலவிட்டவர். 1892இல் மருதானையில் வாப்பிச்சி மரிக்கார் முதலியோரின் முயற்சியால் ஸாஹிறா உருவாகியபோது அதன் பின்னால் அவரது பல்லாண்டுப் பிரசாரம் இருந்தது.

அதற்கு ஓராண்டு முன்னரே, 1891இல், கண்டியில் அவர் பெண்களுக்கென ஒரு பாடசாலை திறந்தார். கற்பிக்கும் பொறுப்பைத் தம் சகோதரியிடம் ஒப்படைத்தார். இதை நாம் ஊன்றிப் பார்க்க வேண்டும். அக்காலத்தில் ஒரு முஸ்லிம் வாப்பா தம் மகளைப் பாடசாலைக்கு அனுப்புவதற்கு முன் கேட்கும் முதற்கேள்வி, படித்துக் கொடுப்பவர் யார் என்பதே. கற்பிக்கத் தகுந்த முஸ்லிம் பெண்ணை வெளியில் தேடினால் கிடைப்பது அரிது. பெண்கள் படிக்காததால் ஆசிரியை இல்லை. ஆசிரியை இல்லாததால் பெண்கள் படிக்கவில்லை. இந்த முடிச்சைத் தம் குடும்பத்திலிருந்தே அவிழ்க்க முனைந்தார் சித்திலெப்பை.

நமது மூன்று செலவுகளில் முதல் இரண்டையும் ஒரு மனிதரும் அவரைச் சார்ந்தோரும் சுமந்த காலம் இது. அதன் பெருமை பெரிது. அதன் பலவீனமும் கண்கூடு. கொடையில் நிற்கும் பாடசாலை கொடையாளியின் ஆயுளையும் வியாபாரத்தையும் சார்ந்து நிற்கும். கடையில் நட்டம் வந்தால் முதலில் நிற்பது நன்கொடை.

கட்டணம் ஒழிந்த நாள்

1931இல் சர்வசன வாக்குரிமை வந்தது, பெண்களும் வாக்களித்தனர். அரசாங்க சபையின் கல்வி அமைச்சரான சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா தலைமையிலான விசேட குழுவின் அறிக்கை 1943இல் வெளியானது. 1945 ஒக்டோபர் முதலாந் திகதி முதல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது.

இலவசக் கல்வியால் ஏழைகள் நன்மை பெற்றனர் என்று எழுதிப் புள்ளி பெறுகிறோம். அந்த ஏழை வீட்டுக்குள் நுழைந்து பார்ப்போம். மகன் ஒருவன், மகள் ஒருத்தி. ஒருவருக்குக் கட்ட மட்டுமே பணம் இருக்கிறது. ஆங்கிலப் பாடசாலைக் கட்டணத்தை வாப்பா யாருக்குக் கட்டுவார்? மகன் உழைத்துத் தருவான், மகள் மணமுடித்துப் போவாள் என்பதே கணக்கு. அவர் மகளை வெறுப்பவர் அல்லர். பணம் அப்படித் தீர்மானிக்க வைத்தது. கட்டணம் ஒழிந்தபோது மகனா மகளா என்ற அந்தத் தீர்மானத்தை எடுக்க வேண்டிய நெருக்கடியும் தளர்ந்தது. ஆகவே இலவசக் கல்விச் சீர்திருத்தத்தைப் பெண் கல்விச் சீர்திருத்தம் என்றும் படிக்கலாம்.

ஆனால் கட்டணம் இல்லை என்றவுடன் கட்டடம் முளைத்துவிடாது. இலவசக் கல்வி வந்த மறு ஆண்டே, 1946இல், கொழும்பு பம்பலப்பிட்டியில் முஸ்லிம் மகளிர் கல்லூரி தொடங்கப்பட்டது. சேர் ராஸிக் பரீத் போன்ற சமூகத் தலைவர்கள் அதற்குத் துணைநின்றனர். அதன் முதல் அதிபர் ஆயிஷா ரவூப் கேரளத்துத் தலைச்சேரியில் பிறந்த பட்டதாரி. பின்னர் கொழும்பு மாநகரின் பிரதி மேயராகவும் இருந்தவர். சித்திலெப்பைக்கு அரை நூற்றாண்டுக்குப் பின்னரும் முஸ்லிம் பெண்களுக்குத் தலைமை தாங்கக் கடல் கடந்து வந்த ஒரு பெண்மணி தேவைப்பட்டார் என்பதை மறக்கலாகாது. சமூகம் கொடையால் தொடங்கிய அக்கல்லூரி இன்று ஒரு தேசிய பாடசாலை. நாம் பேசும் பயணத்துக்கு அதுவே நல்ல எடுத்துக்காட்டு.

1960, 1961: அரசு பொறுப்பேற்றல்

இலவசக் கல்வித் திட்டத்துக்குள் வந்த உதவி பெறும் பாடசாலைகளில் ஆசிரியர் சம்பளம் அரசின் பணம். ஆனால் அந்த ஆசிரியரைத் தெரிவுசெய்பவர் தனியார் முகாமையாளர். பொதுப்பணத்தில் நடக்கும் பாடசாலையைப் பொதுமக்களின் அரசே நடத்த வேண்டும் என்ற குரல் வலுத்தது. தம் சமயத்தைச் சேராத பிள்ளைகளே நிறைந்த பாடசாலைகளையும் சில சமய நிறுவனங்கள் நடத்துவது நியாயமா என்ற கேள்வியும் எழுந்தது.

1960 யூலையில் சிறிமாவோ பண்டாரநாயக்க பிரதமரானார். கம்பளை ஸாஹிறாவின் அதிபராக இருந்த பதியுத்தீன் மஹ்மூத் கல்வி அமைச்சரானார். 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின்படி உதவி பெறும் பாடசாலைகளின் முகாமை அரசிடம் வந்தது. 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டம் அவற்றின் நிலம், கட்டடம் முதலியன அரசுடைமையாவதற்கு வழிசெய்தது. ஈராயிரத்துக்கு மேற்பட்ட பாடசாலைகள் இவ்வாறு கைமாறின. மூன்று செலவுகளில் முதலாவதும் இரண்டாவதும் முழுதாக அரசின் தோளில் ஏறிய தருணம் இதுவே.

எல்லோரும் மகிழ்ந்து கொடுத்துவிடவில்லை. கத்தோலிக்கப் பெற்றோர் பாடசாலைகளுக்குள் புகுந்து தங்கி எதிர்ப்புத் தெரிவித்தனர். உயர்தரப் பாடசாலைகளுக்கு ஒரு தெரிவு இருந்தது: அரச உதவியைத் துறந்து தனியாக நிற்கலாம், ஆனால் கட்டணம் அறவிடக் கூடாது. யாழ்ப்பாணத்தில் உடுவில் மகளிர் கல்லூரியும் சுண்டிக்குளி மகளிர் கல்லூரியும் அந்தக் கடினமான வழியைத் தெரிந்தெடுத்தன. மெதடிஸ்த மிஷன் தொடங்கிய வேம்படி மகளிர் உயர்தரப் பாடசாலை அரசிடம் சென்றது. இன்று மூன்றுமே சிறந்த பெண் பாடசாலைகள். ஆகவே எந்த வழி சரி என்று ஒரு வரியில் தீர்ப்புச் சொல்ல இயலாது. பழைய மாணவியரும் திருச்சபையும் தாங்கிப் பிடிக்கக்கூடிய பாடசாலை தனியாக நின்றது. அப்படித் தாங்க ஆளில்லாத ஊர்ப் பாடசாலைக்கு அரசே கதி.

பெற்றதும் இழந்ததும்

முஸ்லிம் பெண்பிள்ளையைப் பொறுத்தவரை பெற்றது மிக அதிகம். சம்பளம் கொடையாளியின் இலாப நட்டத்தைச் சாராமல் ஒழுங்காகக் கிடைத்தது. அளுத்கமையில் முஸ்லிம் பெண்களுக்கென ஆசிரியர் கலாசாலை இயங்கியது. அங்கு பயின்றவர்கள் அரச நியமனம் பெற்று ஊர்ப் பாடசாலைகளுக்கு வந்தனர். சித்திலெப்பை எதிர்கொண்ட அந்த முடிச்சு அவிழத் தொடங்கியது. உம்மாமாருக்கு அறிமுகமான ஓர் ஆசிரியை வகுப்பில் நின்றபோது, பெரிய பிள்ளையானதும் படிப்பை நிறுத்தும் வழக்கமும் மெல்ல மெல்லத் தளர்ந்தது. 1980இல் இலவசப் பாடநூலும் 1993இல் இலவசச் சீருடையும் வந்து மூன்றாவது செலவையும் குறைத்தன.

இழந்தது என்ன? ஊரார் நிலம் கொடுத்து, மரம் கொடுத்து, பிடியரிசி சேர்த்து ஒரு பாடசாலையை எழுப்பினால், அதன் கூரை ஒழுகும்போது அவர்களே ஏணி வைத்து ஏறுவர். அரசின் பாடசாலை ஆனபின், “கல்வித் திணைக்களம் பார்த்துக்கொள்ளும்” என்ற பேச்சு வந்தது. கணித ஆசிரியர் மாற்றலாகிச் சென்று ஒரு தவணை முழுதும் பாடம் நடக்காவிட்டாலும் கேட்பதற்கு ஊரில் ஆளில்லாத நிலை சில இடங்களில் உண்டு. அரசு செலவை ஏற்றது. அக்கறையையும் சேர்த்து ஏற்றுக்கொள்ள எந்தச் சட்டத்தாலும் முடியாது. பாடசாலை அபிவிருத்திச் சங்கம் என்ற ஏற்பாடு இந்த இடைவெளியை நிரப்பவே இருக்கிறது. அதன் கூட்டத்துக்கு எத்தனை பெற்றோர் வருகின்றனர் என்பதை நாம் அறிவோம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நமது மூன்று செலவுகளின் பட்டியலில் இடம்பெறாத நான்காவது செலவு ஒன்று இன்றும் பெண்பிள்ளையின் மீதே இருக்கிறது. ஊர்ப் பாடசாலை க.பொ.த. சாதாரண தரத்தோடு முடிந்தால், உயர்தரத்துக்கு, அதிலும் விஞ்ஞானப் பிரிவுக்கு, நகரம் வர வேண்டும். கலேவெலப் பக்கமிருந்தோ ரத்தோட்டைப் பக்கமிருந்தோ மாத்தளைக்கு வரும் பிள்ளை விடியுமுன் புறப்பட வேண்டும். மாணவர் சீசன் இருக்கலாம். நெரிசலான பஸ்ஸையும், மழைக்கால இருட்டையும், “பொம்பிளப் பிள்ளைக்கு இது போதும்” என்ற சொல்லையும் அது தீர்க்காது. தம்பிக்கு இந்தச் செலவு இல்லை.

செயற்பாடு

வரலாற்றைப் புத்தகத்தில் மட்டும் தேட வேண்டாம். ஒவ்வொரு பாடசாலையிலும் சேர்விடாப்பும் சம்பவத்திரட்டுப் புத்தகமும் உண்டு. அதிபரின் அனுமதியோடும் வகுப்பாசிரியையின் துணையோடும் பழைய சேர்விடாப்பைப் பாருங்கள். பிள்ளைகளின் பெயர்களை வெளியிடாமல், பின்வருவனவற்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

1. பத்தாண்டுக்கு ஒரு முறை எடுத்துப் பார்த்தால், பெண்பிள்ளைகள் எந்த வகுப்போடு விலகியுள்ளனர்?

2. விலகிய காரணம் என்ற இடத்தில் என்ன எழுதப்பட்டுள்ளது?

3. பாடசாலையின் நிலத்தைக் கொடுத்தவர் யார்? முதற் கட்டடம் யாருடைய பணத்தில் எழுந்தது? ஊர்ப் பெரியவர்களிடம் விசாரியுங்கள்.

4. உங்கள் உம்மும்மாவும் வாப்பும்மாவும் எந்த வகுப்புவரை படித்தனர்? நிறுத்தியவர் யார், ஏன்?

நான்காவது கேள்வியைக் கேட்கும்போது அவசரப்பட வேண்டாம். அருகில் அமர்ந்து கேளுங்கள். சிலர் சிரித்து மழுப்புவர். சிலர் எழுபது வயதிலும் தம் வகுப்பாசிரியையின் பெயரைச் சரியாகச் சொல்வர். அவர்கள் சொல்வதை அவர்கள் சொன்னபடியே எழுதி வாருங்கள்.