நாமே செய்த மொழியில் விடுமுறைப் புதிர்கள்



லேப் தேர்வு என்றால் நம்மில் பலர் என்ன செய்கிறோம்? சீனியர் அண்ணன் கொடுத்த ரெக்கார்டு நோட்டைப் பார்த்துப் புரோகிராமை அப்படியே மனப்பாடம் செய்கிறோம். நானும் அதைத்தான் செய்தேன். வைவாவில், "தம்பி, இந்த வரியை எடுத்துட்டா என்ன ஆகும்?" என்று கேட்டதும் வாயடைத்து நின்றேன். புரோகிராம் ஓடியது. ஏன் ஓடியது என்று எனக்குத் தெரியவில்லை. அந்த வெட்கத்துக்கு நான் கண்ட மருந்தைத்தான் இங்கே பாடமாகச் சொல்லப் போகிறேன். கம்ப்யூட்டர் துறை நண்பர்கள் மட்டுமல்ல, மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல் நண்பர்களும் தைரியமாகப் படிக்கலாம். இது ஒன்றும் பெரிய கம்பசூத்திரம் இல்லை!

1. டிசம்பர் புதிர்கள்

கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களை 'அட்வென்ட்' காலம் என்பார்கள். அதற்கென்று மேல்நாடுகளில் ஒரு காலண்டர் உண்டு. தேதிக்கு ஒரு சின்னக் கதவு இருக்கும். அன்றைய கதவைத் திறந்தால் உள்ளே ஒரு படமோ சாக்லேட்டோ கிடைக்கும். இதே பாணியில் அமெரிக்காவைச் சேர்ந்த எரிக் வாஸ்டல் என்பவர் 2015இல் 'அட்வென்ட் ஆஃப் கோட்' என்ற புதிர் வரிசையைத் தொடங்கினார். கதவுக்குப் பின்னால் சாக்லேட்டுக்குப் பதில் ஒரு புரோகிராமிங் புதிர்!

2015 முதல் 2024 வரை ஒவ்வொரு டிசம்பரிலும் 25 நாட்கள் புதிர்கள் வந்தன. 2025இல் அதை 12 நாட்களாகக் குறைத்தார். ஒவ்வொரு புதிருக்கும் இரண்டு பகுதிகள், பகுதிக்கு ஒரு நட்சத்திரம். முதல் பகுதிக்கு விடை சொன்னால்தான் இரண்டாம் பகுதி கண்ணில் படும். அமெரிக்கக் கிழக்குக் கரையில் நள்ளிரவு அடிக்கும்போது புதிர் வெளியாகும். நமக்கு அப்போது காலை 10.30 மணி. கட்டணம் கிடையாது. பழைய ஆண்டுப் புதிர்களையும் எப்போது வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கலாம்.

இதில் நமக்கு முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. நாம் எழுதிய புரோகிராமை யாரும் கேட்பதில்லை, விடையை மட்டும்தான் கேட்கிறார்கள். அந்த விடையை சி மொழியில் கண்டுபிடித்தாலும் சரி, பைத்தானில் கண்டுபிடித்தாலும் சரி, பேப்பரில் கணக்குப் போட்டாலும் சரி. ஆகவே நாமே ஒரு மொழியை உண்டாக்கி, அதிலேயே விடை காணவும் தடையில்லை. பல நாடுகளில் சிலர் அப்படித்தான் செய்கிறார்கள்.

2. மொழியை நாமே செய்ய முடியுமா?

முடியும். அதிலும் நம் தமிழுக்கு இது சுலபம். சி மொழியில் 3 + 4 என்று எழுதுகிறோம். நாம் பேசும்போது எப்படிச் சொல்கிறோம்? "3, 4 ரெண்டையும் கூட்டு" என்கிறோம். வினைச்சொல் கடைசியில் வருகிறது. எண்களை முதலில் கொடுத்துச் செயலைக் கடைசியில் சொல்லும் இந்த முறையிலேயே ஓடுகிற கணினி மொழி உண்டு. சார்லஸ் மூர் 1970 வாக்கில் உருவாக்கிய 'ஃபோர்த்' அப்படிப்பட்டதுதான். 1972இல் வந்த எச்.பி.-35 கால்குலேட்டரும் இதே முறையில் இயங்கியது.

இதற்கு அடிப்படை 'ஸ்டாக்' எனப்படும் அடுக்கு. ஹாஸ்டல் மெஸ்ஸில் தட்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருப்பார்களே, அதுதான். கடைசியாக வைத்த தட்டைத்தான் முதலில் எடுக்க முடியும். என் மொழிக்கும் 'அடுக்கு' என்றே பெயர் வைத்தேன். அதில்

3 4 கூட்டு காட்டு

என்று எழுதினால் 3 அடுக்கில் ஏறும், 4 அதன் மேல் ஏறும். 'கூட்டு' என்ற சொல் மேலிருந்து இரண்டை எடுத்து 7ஐ வைக்கும். 'காட்டு' அந்த 7ஐ எடுத்துத் திரையில் போடும். அவ்வளவுதான்!

இதை நடத்தும் புரோகிராமை (இன்டர்பிரெட்டர்) நான் சி மொழியில் எழுதினேன். அது செய்யும் வேலைகள்:

(அ) எழுதியதை இடைவெளி பார்த்துத் துண்டு துண்டாகப் பிரிக்கும்.
(ஆ) துண்டு ஓர் எண் என்றால் அடுக்கில் ஏற்றும்.
(இ) சொல் என்றால் அட்டவணையில் தேடி, அதற்குரிய ஃபங்ஷனை அழைக்கும்.
(ஈ) அட்டவணையில் இல்லை என்றால் "தெரியாத சொல்" என்று சொல்லி நின்றுவிடும்.

நிபந்தனைக்கு 'ஆனால்', 'இல்லை', 'முடி' என்ற சொற்களை வைத்தேன். இவை என் கண்டுபிடிப்பு அல்ல. முத்தையா அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' என்ற தமிழ் கணினி மொழியில் இருப்பவை. 'ஆனால்' வந்ததும் அடுக்கின் மேலே உள்ளதை எடுத்துப் பார்க்க வேண்டும். அது 0 என்றால் அதற்குரிய 'இல்லை' அல்லது 'முடி' வரை தாண்டிப் போக வேண்டும். உள்ளுக்குள் இன்னொரு 'ஆனால்' இருந்தால் அதன் 'முடி'யில் ஏமாந்து நிற்காதபடி எண்ணிக்கை வைத்துக்கொள்ள வேண்டும்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 'ஒவ்வொரு' என்ற சொல்லில் 'வொ' இருக்கிறது. யூனிகோடில் அந்த ஒகரக் குறியை ஒரே எண்ணாகவும் எழுதலாம், கொம்பு தனி, கால் தனி என இரண்டு எண்களாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், கம்ப்யூட்டருக்கு வேறு வேறு. "எதிரே இருக்கிற சொல்லையே தெரியாதுங்குதே!" என்று தலையில் அடித்துக்கொள்ளாதீர்கள். சொற்களை ஒப்பிடும் முன் இரண்டையும் ஒரே வடிவத்துக்கு மாற்றிவிட வேண்டும்.

3. முதல் புதிர்: மாடி ஏறி இறங்குதல்

2015ஆம் ஆண்டின் முதல் நாள் புதிர் இது. கிறிஸ்துமஸ் தாத்தா ஒரு கட்டடத்தில் தரைத் தளத்தில் (0) நிற்கிறார். ( என்ற குறி வந்தால் ஒரு மாடி ஏற வேண்டும், ) வந்தால் ஒரு மாடி இறங்க வேண்டும். கடைசியில் எந்த மாடியில் இருப்பார்? உதாரணமாக, ((( என்றால் 3. (()) என்றால் 0. ))) என்றால் -3.

ஆஸ்கி குறியீட்டில் ( என்பதன் எண் 40, ) என்பதன் எண் 41. 'ஒவ்வொரு' என்ற சொல் ஃபைலிலிருந்து ஒரு குறியை எடுத்து அதன் எண்ணை அடுக்கில் ஏற்றும். 'திரும்பு' மறுபடி அங்கே அனுப்பும். புரோகிராம் இதோ:

0
ஒவ்வொரு
40 சமம் ஆனால் 1 கூட்டு இல்லை 1 கழி முடி
திரும்பு
காட்டு

ஓட்டினேன். ((( கொடுத்தேன், 3 வந்தது. "அட, வந்துடுச்சே!" என்று குதித்தேன். அடுத்து (()) கொடுத்தேன். 0 வர வேண்டிய இடத்தில் 2 வந்தது. ))) கொடுத்தால் -3க்குப் பதில் 1! ஒரு மாலை முழுவதும் இந்த ஐந்து வரிகளையே முறைத்துக்கொண்டிருந்தேன். புரோகிராமில் தப்பே இல்லை. கடைசியில் வெறுத்துப் போய்

10 3 கழி காட்டு

என்று மட்டும் கொடுத்தேன். -7 என்றது. அப்போதுதான் விளங்கியது. அடுக்கில் மேலே இருப்பது 3. அதை முதலில் எடுத்து, அதிலிருந்து 10ஐக் கழித்துக்கொண்டிருந்தது என் மொழி. கூட்டலுக்கு எது முன்னால் வந்தாலும் ஒன்றுதான், கழித்தலுக்கு அப்படி அல்ல. தப்பு மொழியில், அதாவது நான் எழுதிய சி வரியில்.

அதைத் திருத்திய பிறகு உதாரணங்கள் எல்லாம் சரியாக வந்தன. ஆனால் புதிருக்கான பெரிய ஃபைலைக் கொடுத்தால் விடை தவறு என்றார்கள். இந்த முறை தப்பு மொழியில் இல்லை, புரோகிராமில். ஃபைலின் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத 'புது வரி' குறி ஒன்று இருந்தது. அதன் எண் 10. அது 40 இல்லை என்பதால் அதற்கும் ஒரு மாடி இறக்கிவிட்டது புரோகிராம்! நடு வரியை இப்படி மாற்றினேன்:

நகல் 40 சமம் ஆனால் எறி 1 கூட்டு இல்லை 41 சமம் ஆனால் 1 கழி முடி முடி

'நகல்' மேலே உள்ளதற்கு ஒரு பிரதி எடுக்கும், 'எறி' மேலே உள்ளதை எடுத்துப் போட்டுவிடும். இப்போது 40க்கும் 41க்கும் மட்டுமே வேலை, மற்றவை சும்மா போகும். முதல் நட்சத்திரம் கிடைத்தது.

4. மூன்று சந்தேகங்கள்

ஆக, விடை தவறினால் மூன்று இடத்தில் பார்க்க வேண்டும். கேள்வியைச் சரியாகப் படித்தோமா? புரோகிராமைச் சரியாக எழுதினோமா? கருவி சரியாக இருக்கிறதா? பிறர் செய்த மொழியில் வேலை செய்யும்போது மூன்றாவது சந்தேகம் நமக்கு வருவதே இல்லை. அதனால் கருவிக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாமலே டிப்ளமோ முடித்துவிடுகிறோம்.

மெக்கானிக்கல் நண்பர்களுக்கு இது நன்றாகத் தெரியும். வெர்னியர் காலிப்பரைக் கையில் எடுத்ததும் வாயை மூடி ஜீரோ எரர் இருக்கிறதா என்று பார்க்கிறோமா இல்லையா? அதைப் பார்க்காமல் நூறு தடவை அளந்தாலும் நூறும் தப்புதான். 10 3 கழி காட்டு என்பதும் அப்படி ஒரு ஜீரோ எரர் சோதனையே. இப்போது ஒவ்வொரு சொல்லைச் சேர்க்கும்போதும் அதற்கு இரண்டு சிறு சோதனைகளை எழுதிவிட்டுத்தான் அடுத்த வேலை.

5. மீன் பெருகிய கதை

2021ஆம் ஆண்டின் 6ஆம் நாள் புதிரில் விளக்கு மீன்கள் வருகின்றன. ஒவ்வொரு மீனுக்கும் ஓர் எண். அது தினம் ஒன்று குறையும். 0 ஆன மீன், மறுநாள் 6க்குத் திரும்பி, 8 என்ற எண்ணுடன் ஒரு குட்டி போடும். 3, 4, 3, 1, 2 என ஐந்து மீன்களில் தொடங்கினால் 18 நாளில் 26 மீன், 80 நாளில் 5934 மீன். இரண்டாம் பகுதி 256 நாளுக்குக் கேட்கிறது. விடை 26984457539.

மீனுக்கு ஓர் இடம் என்று வரிசை போட்டால் 2698 கோடி இடம் வேண்டும். நம் லேப் கம்ப்யூட்டர் எங்கே தாங்கும்? ஆனால் எல்லா மீனின் எண்ணும் 0 முதல் 8க்குள்தான். ஆகவே ஒன்பது பெட்டிகள் போதும். எந்த எண்ணில் எத்தனை மீன் என்று மட்டும் குறித்துக்கொள்ள வேண்டும். தினமும் எல்லாவற்றையும் ஒரு பெட்டி கீழே நகர்த்தி, 0இல் இருந்த தொகையை 6ஆம் பெட்டியில் கூட்டி, 8ஆம் பெட்டியிலும் வைக்க வேண்டும். இதற்காக என் மொழியில் 'வை', 'எடு' என்ற சொற்களைச் சேர்த்தேன்.

80 நாளுக்குச் சரியாக வந்தது. 256 நாளுக்கு 1214653763 என்றது. பார்க்க நல்ல விடை மாதிரியே இருந்தது! காரணம் இதுதான். அடுக்கை நான் 32 பிட் 'இன்ட்' ஆக வைத்திருந்தேன். அதில் அடங்கும் பெரிய எண் 2147483647. அதற்கு மேல் போனால் கிலோமீட்டர் மீட்டர் சுற்றி மீண்டும் முதலிலிருந்து வருவது போல எண் சுற்றிவிடும். உண்மையான விடையிலிருந்து 4294967296ஐ ஆறு முறை கழித்துப் பாருங்கள், அந்தத் தப்பு விடை கிடைக்கும். 'லாங் லாங்' என்று மாற்றி 64 பிட் ஆக்கியதும் சரியாகிவிட்டது. பைத்தானில் எழுதியிருந்தால் இந்தப் பாடமே எனக்குக் கிடைத்திருக்காது. பெரிய எண்களை அது தானே பார்த்துக்கொள்ளும்.

6. முடிவாக...

"கேள்வியை ஏ.ஐ.கிட்ட போட்டா ஒரு நிமிஷத்துல விடை வந்துடுமே, எதுக்குடா இந்தக் கஷ்டம்?" என்று நண்பன் ஒருவன் கேட்டான். வரும், உண்மைதான். ரெக்கார்டு நோட்டிலிருந்தும் விடை வந்தது. வைவாவில் பேச வேண்டியது நான்தானே! நாளை வேலைக்குப் போன இடத்தில் மெஷின் நின்றுவிட்டால், "எங்கே தப்பு?" என்று தேடப் போகிறவர்கள் டிப்ளமோ படித்த நாம்தான். அந்தத் தேடலை இப்போதே பழகலாம், தவறினாலும் இங்கே மார்க் குறையாது. எனக்கு இதுவரை கிடைத்த நட்சத்திரங்கள் பதினொன்றே. ஆனால் அந்தப் பதினொன்றில் எந்த வரியை எடுத்தால் என்ன ஆகும் என்று கேளுங்கள், சொல்கிறேன்.

செய்து பார்க்கச் சில பயிற்சிகள்:

(1) மாடிப் புதிரின் இரண்டாம் பகுதி: தாத்தா முதன்முதலாக -1 தளத்துக்குப் போவது எத்தனையாவது குறியில்? ()()) என்பதற்கு விடை 5. எண்ணிக்கை 1இலிருந்து தொடங்குகிறது, 0இலிருந்து அல்ல. கேள்வியைக் கவனமாகப் படியுங்கள்!

(2) அடுக்கு காலியாக இருக்கும்போது 'கூட்டு' என்றால் உங்கள் மொழி என்ன செய்ய வேண்டும்?

(3) 'வகு' என்ற சொல்லைச் சேர்த்து, அதற்கு இரண்டு சோதனைகள் எழுதுங்கள். 0ஆல் வகுத்தால்?

முயன்று பாருங்கள் நண்பர்களே. விடை தவறினால் வருத்தப்பட வேண்டாம், பாடம் அங்கேதான் தொடங்குகிறது!

— இறுதியாண்டு மாணவன், கணினிப் பொறியியல் துறை